தொங்குகிற மீனும் தோலோடு கிழங்கும்: குக் டவுனில் ஒரு ஞாயிறு மதியம்

முதலில் காசுக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கூட வந்த சின்னம்மா நாலு நாளாக அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆளுக்கு 1,450 ரூபாய். பன்றிக்கால் வேண்டுமென்றால் தனியாக 350. இவ்வளவு கொடுத்து உட்கார்ந்தால் முதலில் வருவது அவித்த உருளைக்கிழங்கு, தோல்கூட உரிக்காமல். தொட்டுக்கொள்ள உப்புத் தண்ணீர். "இன்னாடி இது, ஆஸ்பத்திரியில பத்தியத்துக்குக்கூட ஒரு ரசம் குடுப்பான்" என்று சின்னம்மா என் காதில் சொன்னது எதிர் பெஞ்சில் இருந்தவருக்கும் கேட்டுவிட்டது. அவரும் தமிழ்தான். தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

இடம், பெங்களூர் குக் டவுனில் ஒரு பழைய ஓட்டு வீடு. காம்பவுண்டுச் சுவரில் காகிதப்பூ. கேட்டில் 'நாய் ஜாக்கிரதை' போர்டு, நாய் கிடையாது. சாப்பாட்டுக்கடை என்று சொல்லும் போர்டும் கிடையாது. நடத்துகிறவர் குடியாத்தத்துக்காரர், நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வருகிறவர்கள் எல்லோரும் சிஸ்டர் என்றே கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். "பேரு போட்டு எழுதிடாதீங்க டீச்சர், கூட்டம் வந்தா எனக்கு முட்டி தாங்காது" என்றார். ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும், பன்னிரண்டு பேருக்கு மட்டும், அந்தக் காலத்து அயர்லாந்து கிராமச் சாப்பாடு போடுகிறார்.

இந்த ஊரில் ஐரிஷ் என்று சொன்னால் பச்சைச் சுவரும் பீர் பீப்பாயும் காதைப் பிளக்கும் பாட்டும்தான் பிள்ளைகளுக்கு ஞாபகம் வரும். இங்கே பீர் கிடையாது, பாட்டு கிடையாது. கூடத்தின் நடுவில் மூன்று கால் வைத்த கருப்பு இரும்புப் பானை ஒன்று, இரண்டு பக்கமும் முதுகு சாயாத மரப் பெஞ்சு. பெஞ்சைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சிஸ்டர் பதினாலு வருஷம் அயர்லாந்தின் மேற்குக் கரையோரம் மேயோ மாவட்டத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்திருக்கிறார். மறதி நோய் வந்தவர்களுக்கு மத்தியானம் சாப்பிட்டது சாயங்காலம் நினைவிருக்காது. ஆனால் ஏழு வயதில் அம்மா தணலில் சுட்ட ரொட்டி எந்தப் பக்கம் கருகியது என்பது நினைவிருக்குமாம். மாத்திரை கொடுக்கப் போகிற நேரத்தில் கேட்டுக் கேட்டு எழுதி வைத்த நோட்டு மூன்று இருக்கிறது. அவர் கவனித்த தாத்தா ஒருவர் சின்னப் பையனாக இருந்தபோது அவரே நோட்டு எழுதியவராம். 1937 முதல் 1939 வரை அயர்லாந்தில் 26 மாவட்டங்களில் ஏறக்குறைய 5,000 பள்ளிகளில் 50,000 பிள்ளைகளை அனுப்பி, தாத்தா பாட்டிகளிடம் பழங்கதை, வைத்தியம், பஞ்சக் கதை, சாப்பாடு எல்லாவற்றையும் கேட்டு எழுதி வரச் சொன்னார்கள். அந்த நோட்டுகள் இப்போது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முப்பது வருஷம் அல்சூரில் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். நம் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் என்று எதை எதையோ கொடுத்தேன், இதைக் கொடுக்கத் தோன்றவில்லையே என்று இருந்தது.

சாப்பாட்டுக்கு வருவோம். பானையில் கிழங்கு வெந்ததும் தண்ணீரை வடித்துவிட்டு, பானை வாயின் மேல் அகலமான பிரம்புக் கூடையை வைத்து அதில் கிழங்கைக் கொட்டினார். ஆவி கூடை வழியாக மேலே வந்தது. தட்டு கிடையாது, கரண்டி கிடையாது. சுற்றி உட்கார்ந்து கையால் எடுத்து, கட்டைவிரல் நகத்தால் தோலைச் சீவித் தின்ன வேண்டும். அந்தக் காலத்தில் இதற்காகவே கட்டைவிரல் நகத்தை வளர விடுவார்களாம். கூடையின் நடுவில் ஒரு கிண்ணத்தில் உப்புத் தண்ணீர். ஆளுக்கு ஒரு தகரக் குவளை மோர், கொஞ்சம் புளித்தது, வெண்ணெய்த் துணுக்கு மிதக்கிறது.

முதல் கிழங்கை நான் பிட்டதும் வெளிப்பக்கம் மாவாக உதிர்ந்தது, நடுவில் நெல்லிக்காய் அளவுக்குக் கெட்டி. வேகவில்லை என்று நினைத்தேன். சின்னம்மா நினைக்கவில்லை, சொல்லியே விட்டார். சிஸ்டர் அதற்காகவே காத்திருந்தவர் போலப் பக்கத்தில் வந்தார். "வேணும்னுதான் அப்படிம்மா. கிழங்குக்குள்ள எலும்பு இருக்கணும்னு சொல்வாங்க அங்க. முழுசா வெந்தது சீக்கிரம் செரிச்சிடும். பாதி வெந்தா வயித்துல நிக்கும்." சின்னம்மா அதற்கப்புறம் அந்தக் கெட்டியை ஒதுக்கவில்லை. எங்கள் வீட்டில் களி கிண்டும்போது ஆயா சொல்லும் வார்த்தையும் இதேதான். வயித்துல நிக்கணும். கோலார் தங்கவயல், சாம்பியன் ரீஃப், லைன் வீடு. நைனா சுரங்கத்துக்குள் இறங்கும் நாளில் ராகிக் களி கல் மாதிரி உருட்டப்படும். மென்று தின்றால் ஆயா திட்டும், அப்படியே முழுங்க வேண்டும். மேலே வருகிற வரைக்கும் பசி தெரியக்கூடாது.

தங்கவயல் என்றதும் சிஸ்டர் வேறொரு கதையைச் சொன்னார். லவெல் என்ற குடும்பப் பெயர் மேயோ பக்கம் சகஜமாம், அவர் இருந்த இல்லத்திலேயே லவெல் பாட்டி ஒருவர் இருந்தாராம். பெங்களூரில் லவெல் ரோடு யார் பெயரால் வந்தது என்று தங்கவயல்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நியூஸிலாந்தில் போருக்குப் போய்விட்டு வந்து இங்கே கண்டோன்மென்ட்டில் தங்கிய ஐரிஷ் சிப்பாய் மைக்கேல் லவெல், 1804-ல் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ஜான் வாரன் கோலார்த் தங்கத்தைப் பற்றி எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு, மாட்டு வண்டி கட்டிக்கொண்டு கோலாருக்குப் போய்ப் பார்த்து, 1873-ல் மைசூர் அரசிடம் தோண்ட அனுமதி கேட்டார். அவரால் பெரிதாக ஒன்றும் எடுக்க முடியவில்லை. 1880-ல் ஜான் டெய்லர் என்ற சுரங்கக் கம்பெனி வந்த பிறகுதான் வட ஆற்காட்டிலிருந்து எங்கள் சனம் மூட்டை கட்டியது. அயர்லாந்தில் கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்து ஊரைவிட்டு ஓடியவர்கள் ஒரு பக்கம், மழை பொய்த்து ஓடியவர்கள் இன்னொரு பக்கம். எனக்கு அந்த மோர்க் குவளை கொஞ்ச நேரம் கையிலேயே இருந்தது.

பெஞ்சுக்கு மேலே உத்தரத்திலிருந்து நூல் கட்டி ஒரு கருவாடு தொங்கியது. அங்கே ஹெர்ரிங் மீன், இங்கே கானாங்கெளுத்தி. ஏழை வீட்டில் ஒரே ஒரு மீனோ, ஒரு துண்டு உப்புக்கண்டப் பன்றிக்கறியோ மேலே தொங்குமாம். தின்கிறவன் கிழங்கை அதை நோக்கி ஒரு முறை நீட்டிவிட்டு வாயில் போட்டுக்கொள்வானாம். கறியோடு தின்றதாகக் கணக்கு. 'பொட்டேட்டோஸ் அண்ட் பாயின்ட்' என்று அதற்குப் பேர். நிஜமாகவே அப்படிச் செய்தார்களா என்று கேட்டேன். சிஸ்டர் கேட்டபோது கிழவர்கள் சிரித்தார்களாம், இல்லாதவன் தன்னைத்தானே கேலி செய்துகொண்ட பேச்சு அது என்று. இளைஞர்கள் நாலு பேர் கிழங்கை நீட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். சின்னம்மா அண்ணாந்து பார்த்தார். "பக்கத்து வூட்டுல கருவாடு வறுத்தா அந்த வாசனைக்கே ரெண்டு உருண்டை களி எறங்கும் எனக்கு. அது வாசனையாவது வந்துச்சு. இது என்னா, சும்மா தொங்குது?" என்றவர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கையை நீட்டி, நூலோடு மீனை இழுத்துவிட்டார்.

கூடம் ஒரு நிமிஷம் அமைதியானது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. சிஸ்டர் பேசாமல் மீனை வாங்கிக்கொண்டு போய்த் தணலில் வாட்டி, முள் எடுத்து, பன்னிரண்டு பேருக்கும் நகக்கண் அளவு பங்கு வைத்துக் கொண்டுவந்தார். உண்மையைச் சொன்னால் அன்றைய சாப்பாட்டில் எனக்கு நாக்கில் நின்றது அந்தத் துணுக்குத்தான். முதல் கிழங்கை உப்புத் தண்ணீரில் தொட்டு, இரண்டாவதை மோரோடு தின்று, நாக்கு மந்தமாகி உட்கார்ந்திருந்த நேரம். அந்தக் கரிந்த உப்பு ஒரு ஓரத்தில் பட்டதும் மூன்றாவது கிழங்கு முழுசும் மீனாக மாறிவிட்டது. கருவாடு இவ்வளவு தூரம் வேலை செய்யும் என்று எனக்கு மறந்தே போயிருந்தது. சிஸ்டர், இதை வாராவாரம் வைத்துக்கொள்ளலாம்.

ஆளுக்கு நாலு கிழங்கு வந்தது. பஞ்சத்துக்கு முன்னால் அயர்லாந்துக் கூலியாள் ஒருவன் ஒரு நாளைக்குத் தின்றது 5 அல்லது 6 கிலோ. அச்சுப் பிழை இல்லை, கிலோதான். கிழங்கும் மோரும் போதும், உடம்புக்கு வேண்டியது ஏறக்குறைய எல்லாமே வந்துவிடும். அந்த நாளில் அயர்லாந்துக்குப் போன வெளியூர்க்காரர்கள், வீடு குடிசையாக இருந்தாலும் ஆட்கள் திடகாத்திரமாக இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். நல்ல நிலத்தில் விளைந்த கோதுமையும் ஓட்ஸும் வாடகைக்குப் போனது. நிலக்காரர் பலர் இங்கிலாந்தில் உட்கார்ந்துகொண்டு வாடகை வாங்கியவர்கள். குடியானவன் வாய்க்கு மிச்சமானது மேட்டில் பாத்தி கட்டிப் போட்ட கிழங்கு. அதிலும் 'லம்பர்' என்று ஒரு ரகம், ருசி சுமார், தண்ணீர்க் கிழங்கு, ஆனால் எந்த மட்ட நிலத்திலும் காய்த்துத் தள்ளும். கிழங்கையே வெட்டி நட்டு நட்டு வந்ததால் ஊர் முழுக்க இருந்த செடியெல்லாம் ஒரே செடி மாதிரி. ஒன்றுக்கு வந்த நோய் எல்லாவற்றுக்கும் வந்தது. 1845-ல் கருகல் நோய். அடுத்த வருஷம் மொத்தமாகவே போயிற்று.

சிஸ்டர் வாங்குவது ஹாசன் கிழங்கு. ஹாசன் விவசாயிகள் அங்கமாரி என்று திட்டுவதும் நீலகிரியில் பின்கருகல் என்று சொல்வதும் அதே நோய்தான். மழை மூட்டம் மூன்று நாள் நின்றால் இன்றைக்கும் அவர்களுக்குத் தூக்கம் போய்விடும். இப்போது மருந்து இருக்கிறது, அன்றைக்கு இல்லை.

இரண்டாவதாக வந்தது மஞ்சள் கூழ். மக்காச்சோள மாவை உப்புப் போட்டுக் காய்ச்சியது, மேலே கொஞ்சம் பால். இதைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது, காரணம் அயர்லாந்து இல்லை. 1970 வாக்கில் எங்கள் பள்ளிக்கூடத்தில் மத்தியானம் மஞ்சள் உப்புமா போடுவார்கள். கேர் என்ற அமைப்பு அமெரிக்காவிலிருந்து அனுப்பிய மாவு. மூட்டையில் இரண்டு கை குலுக்குகிற படம் இருக்கும். மாவில் ஒரு வாசனை வரும், பழைய டப்பாவைத் திறந்த மாதிரி. அலுமினியத் தட்டை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்பேன். பிடிக்காது, ஆனால் ஒரு பருக்கை விட்டதில்லை.

அயர்லாந்திலும் இது அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். பிரிட்டிஷ் பிரதமர் ராபர்ட் பீல் 1845-ல் ஒரு லட்சம் பவுண்டுக்கு மக்காச்சோளம் வாங்கி வரவழைத்தார். கல் மாதிரி காய்ந்த சோளம், அதை அரைக்கத் தோதான ஆலை இல்லை, சமைக்கும் விதம் யாருக்கும் தெரியாது. சரியாக அரைபடாததைத் தின்றவர்களுக்கு வயிறு போயிற்று. நிறத்தைப் பார்த்து 'பீலின் கந்தகம்' என்று பேர் வைத்தார்கள். கடைப் பெயர் 'இண்டியன் மீல்'. "இண்டியான்னா நம்ம மாவா?" என்றார் சின்னம்மா. இல்லை, அமெரிக்கப் பூர்வகுடிகளைக் குறித்த இண்டியன் அது. மக்கள் அதைச் சபித்துக்கொண்டே தின்னப் பழகி, பஞ்சம் போன பிறகும் மேற்குக் கரையில் இரண்டு தலைமுறைக்கு அதுவே ஏழைக் கூழாக நின்றுவிட்டது. சிஸ்டரின் தாத்தா பாட்டிகளும் குடித்திருக்கிறார்கள்.

கூழ் நல்ல கூழ். கட்டி இல்லை, அடிப்பிடித்த வாசனை லேசாக இருந்தது, அதுகூட எனக்குப் பிடித்தது. ஆனால் வந்த பாத்திரம்! நீலப் பீங்கான் தட்டு, பாதிக் கையளவு கூழ், அதன் மேல் ஊதாப் பூ இதழ் இரண்டு, ஏதோ முளைத்த கீரைத் தண்டு. இது சிஸ்டரின் வேலை இல்லை, அவருடைய அண்ணன் மகன் வேலை. போட்டோவுக்கு நன்றாக இருக்கும் என்கிறான். தம்பி, கிழங்கைக் கூடையில் கொட்டிய வீட்டில் கூழுக்குப் பூ வைக்காதே. நெட்டில்ஸ் என்கிற செந்தட்டி மாதிரிச் செடியின் சூப்பும் இதே கதைதான். தொட்டால் அரிக்கும் அந்தக் கொழுந்தை மே மாதம் பிறப்பதற்குள் மூன்று வேளை தின்றுவிட்டால் வருஷம் முழுக்க நோய் அண்டாது என்று அங்கே நம்பிக்கை. பஞ்சத்தில் அதைத் தேடிச் கல்லறைத் தோட்டத்துப் பக்கம்கூடப் போயிருக்கிறார்கள். இங்கே அந்தச் செடி கிடைக்காமல் பாலக்கீரையை அரைத்து, மேலே க்ரீமைச் சுற்றி ஊற்றி ஒப்பேற்றுகிறார்கள். கல்யாண ரிசப்ஷன் சூப். கிடைக்கவில்லை என்றால் விட்டுவிடலாம், யாரும் கேட்கப் போவதில்லை.

கூழ் குடிக்கும்போது சிஸ்டர் வரலாறு சொல்கிறார். கொஞ்சம் நீளம். இருபது நிமிஷம் ஓடியது, அதற்குள் கூழ் ஆடை கட்டிவிட்டது. ஆனால் சொன்னதில் இரண்டு விஷயம் எனக்கு ஒட்டிக்கொண்டது. 1847 கோடையில் அரசாங்கக் கஞ்சித் தொட்டிகள் ஒரு நாளைக்கு 30 லட்சம் பேருக்குக் கஞ்சி ஊற்றின. அதே வருஷம் நாடாளுமன்றத்தில் வில்லியம் கிரிகரி என்ற உறுப்பினர் நிவாரணச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்க்க வைத்தார். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவனுக்கு நிவாரணம் இல்லை. நம் கணக்கில் 25 சென்ட். 26 சென்ட் இருந்தால் பட்டினி கிட, இல்லாவிட்டால் நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வந்து கஞ்சி குடி. எதிர் பெஞ்சுக்காரர் இந்த இடத்தில் நிமிர்ந்தார். அவர் வேர் மலையகத்தில், அம்மா நுவரெலியாப் பக்கம் பிறந்தவர். அங்கே கிரிகரி ஏரி இருக்கிறதே, அந்தக் கிரிகரியா என்றார். அவரேதான். 1872 முதல் 1877 வரை இலங்கையின் ஆளுநர்.

இன்னொருவர் சார்லஸ் டிரெவெல்யன். லண்டன் கருவூலத்தில் உட்கார்ந்து பஞ்ச நிவாரணப் பணத்தைக் கையில் வைத்திருந்தவர். சும்மா கொடுத்தால் சனம் சோம்பேறி ஆகிவிடும், சந்தை கெட்டுவிடும் என்ற கட்சி. பட்டினி கிடந்தவர்களை ரோடு போட வைத்துத்தான் கூலி கொடுத்தார்கள், எங்கும் போய்ச் சேராத ரோடுகூட அதில் உண்டு. இவர் 1859-ல் சென்னை மாகாண ஆளுநராக வந்து இறங்கினார். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் இருந்த பீப்பிள்ஸ் பார்க் அவர் போட்டதுதான். சின்னம்மாவுக்கு இந்தப் பேரெல்லாம் வேண்டாம். தாது வருஷம் என்றால் போதும். 1876-ல் தொடங்கிய அந்தப் பஞ்சத்தில் நிவாரண வேலைக்குப் போன ஆம்பளைக்கு, செலவைக் குறைக்க வந்த வெள்ளைக்கார அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் வெட்டி நிர்ணயித்த தானியம் ஒரு பவுண்டு, அதாவது 450 கிராம். சின்னம்மாவின் ஆயாவுடைய அம்மா அதில் பிழைத்தவர். வேலூர் ரோட்டில் கல் உடைத்ததாகக் கதை. 450 கிராமில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

பத்து லட்சம் பேர் செத்தார்கள், பத்து லட்சத்துக்கும் மேல் கப்பலேறினார்கள் என்று சொல்லும்போது சிஸ்டர் குரல் மாறவில்லை. மேயோ மாவட்டத்தைப் பற்றிச் சொல்லும்போது மாறியது. 1841-ல் அங்கே 3,88,000 பேர். 2022-ல் 1,38,000. வேலைக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னல் வழியே பார்த்தால் மலைச்சரிவில் வரி வரியாக மேடு தெரியுமாம், புல் மூடிக் கிடக்கிற பழைய கிழங்குப் பாத்தி. அதற்கப்புறம் அதில் யாரும் கிழங்கு போடவில்லை.

பன்றிக்கால். இதை விட்டுவிடாதீர்கள், 350 ரூபாய்க்குத் தகும். 'க்ரூபீன்' என்று அதற்குப் பேர். உப்பில் ஊறிய காலை மூன்று மணி நேரம் அவித்து, கோஸ் இலையோடு வைக்கிறார்கள். தோல் வாயில் கரைகிறது, நரம்பு பல்லோடு சண்டை போடுகிறது. எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்குப் பன்றிக்கறி உண்டு, ஆனால் மிளகும் பூண்டும் இல்லாமல் நான் தின்றதில்லை. இதில் உப்பு மட்டும், அதோடு நிற்கிறது. அந்தக் காலத்தில் பன்றிக்கு 'வாடகை கட்டுகிற கனவான்' என்று பட்டம். கிழங்குத் தோலைத் தின்று வளர்ந்து, சந்தைக்குப் போய் நிலக்காரரின் வாடகையைக் கட்டும். வளர்த்தவன் வீட்டுக்கு அதன் கறி வருவது அபூர்வம். கொஞ்சம் வசதி வந்த பின்னால் வீட்டுக்கே ஒரு பன்றி அடித்தாலும், அன்றைக்கே அக்கம்பக்கத்துக்கு ஒரு துண்டு போகும். அவர்கள் அடிக்கும்போது திரும்பி வரும். குளிர்பெட்டி இல்லாத ஊரில் பக்கத்து வீட்டு வயிறுதான் குளிர்பெட்டி.

ரொட்டி செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்க விடுகிறார். ஈஸ்ட் இல்லை. மாவு, உப்பு, சோடா மாவு, மோர், அவ்வளவுதான். பிசையக்கூடாது, கையால் ஒரு சுற்றுச் சேர்த்ததும் விட்டுவிட வேண்டும். மேலே கத்தியால் சிலுவை போடுகிறார். நன்றாக வேகவும் அதுதான், வீட்டில் இருக்கிற மோகினிகள் வெளியே போகவும் அதுதான் என்றார். கனத்த இரும்புச் சட்டியில் வைத்து, மூடிமேலும் தணல் அள்ளிப் போட்டார். அங்கே கரி கிடையாது, சதுப்பு மண்ணை வெட்டிக் காயவைத்து எரிப்பார்கள். பிரியாணிக்குத் தம் போடுவதைப் பார்த்தவர்களுக்கு ஒன்றும் புதிதில்லை. நாற்பது நிமிஷத்தில் வந்தது. மேல் ஓடு விரலால் தட்டினால் டொக்கென்று சத்தம் கொடுத்தது.

வெண்ணெய் கடைவதற்கு உயரமான மரப் பீப்பாய், நட்ட நடுவில் உலக்கை மாதிரி ஒரு தடி. கடைகிற வீட்டுக்குள் யார் வந்தாலும் ஒரு கை போட்டுவிட்டுத்தான் போக வேண்டும், இல்லாவிட்டால் வெண்ணெயின் அதிர்ஷ்டம் கூடவே போய்விடும் என்பது அங்கத்து வழக்கம். அதனால் நாமும் கடைய வேண்டும். ஐ.டி. பிள்ளைகள் நாலு பேர் மாறி மாறி மூச்சு வாங்கினார்கள். திரளவில்லை. சின்னம்மா காதை வைத்துக் கேட்டுவிட்டு, "சூடு பத்தல, கொஞ்சம் வெந்நி ஊத்து" என்றார். சிஸ்டர் ஒரு குவளை ஊற்றினார். பத்து நிமிஷத்தில் சத்தம் மாறியது, சளக் சளக் என்றது தொப் தொப் என்றது. திரண்டுவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கார்க் நகரத்து வெண்ணெய்ச் சந்தை உலகத்திலேயே பெரியது, பஞ்ச வருஷங்களிலும் அயர்லாந்திலிருந்து வெண்ணெய் கப்பல் ஏறிக்கொண்டுதான் இருந்தது. கடைந்தவனுக்கு மோர். இங்கே ரொட்டிமேல் விரல் தடிமனுக்கு வெண்ணெய் தடவிக் கொடுக்கிறார்கள். நான் குறை சொல்லவில்லை, மூன்று துண்டு தின்றேன்.

இனிக் குறைகள். பெஞ்சு. இரண்டரை மணி நேரம் முதுகு சாயாமல் உட்கார வேண்டும். நாற்பது தாண்டியவர்கள் முன்கூட்டியே சொன்னால் நாற்காலி தருகிறார்கள், ஆனால் அது தருவார்கள் என்பது எனக்குக் கிளம்பும்போதுதான் தெரிந்தது. பன்னிரண்டரைக்கு வரச் சொல்லிவிட்டு அன்று காலை பதினொரு மணிக்கு வாட்ஸ்ஆப்பில் ஒன்றே கால் என்று மாற்றினார்கள். சின்னம்மா சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு ஆட்டோவில் பாதி தூரம் வந்தாயிற்று. வாசலில் பிஸ்கட் வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தேன். முன்பணம் திரும்ப வராது. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு கிழங்கு, கூழ், ரொட்டி போதும், ஆனால் அதற்காக விலை குறையாது, அது நியாயமில்லை.

இந்த 1,450-ஐப் பற்றி எனக்கு இன்னும் முடிவாகவில்லை. ஹாசன் கிழங்கு கிலோ என்ன விலை என்று எனக்குத் தெரியும். வாடகை, மூன்று வேலையாட்கள், பன்னிரண்டே பேர் என்று போட்டுப் பார்த்தால் கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஆனால் பசியை மேஜைமேல் வைத்து விற்கிற இடத்தில் எதையும் அலங்கரிக்கக்கூடாது. கூடையில் கொட்டிய கிழங்கு, தணல் மூடிய ரொட்டி, பன்றிக்கால், இவற்றுக்குக் காசு கொடுக்கும்போது எனக்கு வலிக்கவில்லை. பூ வைத்த கூழுக்கு வலித்தது.

கடைசியில் கட்டன் சாயா மாதிரி பால் இல்லாத கறுப்புத் தேநீர். தவக்காலத்தில் அங்கே பால்கூட விலக்கிய வீடுகள் உண்டு. இரண்டாம் உலகப் போரில் தேயிலை ரேஷன் ஒரு ஆளுக்கு வாரத்துக்கு அரை அவுன்ஸ், அதாவது 14 கிராம் வரை இறங்கியதாம். போட்ட தூளையே காயவைத்து மறுபடி போட்டிருக்கிறார்கள். நம் வீட்டிலும் அதெல்லாம் நடந்ததுதான். கூடவே ஒரு கிண்ணத்தில் 'குடி' என்று ஒன்று வந்தது. பேரைக் கேட்டு எதிர் பெஞ்சுக்காரர் ஆவலாக நிமிர்ந்தார், பாவம். பழைய ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, சூடான பாலும் சர்க்கரையும் ஊற்றியது. காய்ச்சல் வந்த பிள்ளைக்கும் பல் போன கிழவிக்கும் கொடுப்பது. நமக்குப் பாலில் பன் தோய்த்துக் கொடுப்பார்களே, அதேதான். சின்னம்மா கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஸ்பூனை ஒதுக்கிவிட்டு, வாய் வைத்துக் குடித்தார். இரண்டாவது கிண்ணம் கேட்டார். காசு வாங்கவில்லை.

கிளம்பும்போது சிஸ்டர் கேட் வரைக்கும் வந்து ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினார். நான் நல்லதாக நாலு வார்த்தை சொல்லிக்கொண்டிருந்தேன். சின்னம்மா ஏறி உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, வெளியே தலையை நீட்டினார்.

"ஏம்மா, அடுத்த தபா அந்த மீன இன்னும் கொஞ்சம் தாழ்வா கட்டு. எனக்கு எட்டல."